பெரிய இடத்து வார்த்தை

கேம்ப்பில் ஆளுக்கொரு லட்டு கொடுத்துக்கொண்டிருந்தான் டைம் கீப்பர் விஜயபாஸ்கர். "இனி ஏசி வந்த மாதிரிதான். ஜப்பான் மேனேஜரே வாய் திறந்து சொல்லிட்டாரு."

சவுதியின் யான்பு வெயிலில் ரூம் ஏசிகள் செத்து வெகுநாளாகிவிட்டது. ஈரத் துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டுதான் எல்லோரும் படுக்கிறார்கள்.

"என்னடா சொன்னாரு?" என்றார் வெல்டர் கார்மேகம்.

"ஜென்ஷோ. அப்படின்னா, ஆவன செய்கிறோம்னு அர்த்தம். அவங்க ஊர்ல மந்திரிமாரு பேசுற வார்த்தைண்ணே."

"நம்ம ஊர் மந்திரியும் அதத்தான் சொன்னாரு. எங்க தெருவுக்கு இன்னும் தண்ணி வரல."

விஜயபாஸ்கர் போனில் ஜப்பான் பாஷை படிக்கிறவன். மேனேஜர் தும்மினாலும் குனிந்து கும்பிடுவான். அவனிடம் இதெல்லாம் எடுபடுமா?

லட்டு செரித்துப்போனது. ஏசி வரவில்லை. மறுபடி கேட்டதற்கு மேனேஜர் ஒகுடா முன்னைவிட நன்றாகக் குனிந்து, "ஜென்ஷோ" என்றார்.

"பாத்தீங்களா, மரியாதை கூடுது."

"காத்து வரலையேடா."

ஒரு வியாழக்கிழமை ஒகுடா எல்லோரையும் கூப்பிட்டு, தெரிந்த அரைகுறை இந்தியில் பேசினார். ஜப்பானிலிருந்து கம்பெனிப் பெரியவர் நாளைக்கு வருகிறாராம். வெள்ளிக்கிழமை லீவுதான், ஆனாலும் அத்தனை பேரும் சைட்டுக்கு வர வேண்டுமாம்.

யாரும் வாய் திறக்குமுன் விஜயபாஸ்கர் முன்னால் பாய்ந்தான். இடுப்பு ஒடியக் குனிந்து, "ஜென்ஷோ" என்றான்.

ஒகுடாவுக்கு முகம் வெளுத்துப்போனது. போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

"என்னத்தடா சொல்லித் தொலைச்ச?" என்றார் கார்மேகம்.

"எல்லாரும் வந்துருவோம்னு வாக்குக் கொடுத்துட்டேண்ணே. மனுசனுக்குப் பேச்சே வரல, பாத்தீங்கல்ல?"

"பாவி. இருந்த ஒரு லீவையும் வித்துட்டியே."

சாயங்காலம் கேம்ப் வாசலில் லாரி வந்து நின்றது. ரூமுக்கு ஒன்றாகப் புத்தம்புது ஏசி. விஜயபாஸ்கர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "பணிஞ்சு போனா எல்லாம் தானா நடக்கும்ணே. நீங்கதான் நம்ப மாட்டீங்க."

லாரிக்குப் பின்னாலேயே ஒகுடா வேர்க்க விறுவிறுக்க வந்தார். நேராக விஜயபாஸ்கரின் முன் நின்று, தலை முழங்காலைத் தொடுமளவு குனிந்தார்.

"பாய், ஏசி வந்தாச்சு. இப்பவாவது ஜென்ஷோ சொல்லாம நாளைக்கு வேலைக்கு வருவீங்களா?"