ஏர்னெஸ்ட் மாமாவின் வரம்

"ஒரு குழந்தையின்ரை மனசு எண்டது கடவுள் பூட்டி வைச்ச ஆலயம். அதின்ரை திறப்பு ஆயிரத்திலை ஒருத்தனிட்டைத்தான் இருக்கும்" என்றார் ஏர்னெஸ்ட்.

"அது இருக்கட்டும். மோட்டச்சைக்கிள் திறப்பு ஆரிட்டை இருக்கு? காலமை தொடக்கம் தேடுறியள்" என்றாள் மனைவி சுகிர்தம்.

ஏர்னெஸ்ட் சாவகச்சேரியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்காளர். அரிசிக்கும் மாவுக்கும் கணக்குப் பார்த்து அலுத்துப்போய், சிறுவர் உளவியலாளர் ஆகிவிடுவது என்று தீர்மானித்திருந்தார். வேலையை விடாமல் படிக்க இரண்டு பட்டப்படிப்புகள் இருந்தன. ஒன்று, யாழ்ப்பாணத்தில் சனி ஞாயிறு வகுப்பு, புத்தகமும் சோதனையும்தான். மற்றது, கொழும்பிலிருந்து பின்னேரங்களில் இணையவழி. கிழமைக்குக் கிழமை பிள்ளைகளோடு கதைத்துப் பழக வேண்டும்.

"முதலாவதை எடுங்கோவன். பிள்ளையளோடை மினக்கெடத் தேவையில்லை" என்று சுகிர்தம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"பிள்ளையள் இல்லாமல் சிறுவர் உளவியலோ? நீ உந்த ஒழுங்கையாலை போய் வரேக்கை கண்ணைத் திறந்து பாக்கிறதில்லையே? நான் படலையடியிலை நிண்டால் அழுகிற பிள்ளை டக்கெண்டு வாயை மூடுது. ஞாயிறு பாடசாலையிலை என்ரை வகுப்பிலை ஒரு இருமல் சத்தம் கேட்டிருக்கிறியே? ஏன், எங்கடை மகன் சுஜீவன்? கம்பசுக்குப் போற பொடியன், இண்டைக்கும் என்னைக் கண்டால் சோத்துக் கோப்பையை வழிச்சுத் துடைச்சுச் சாப்பிடுறான். ஒரு நாள் கை நீட்டியிருப்பனே? உது வரம்!"

சுகிர்தம் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். வரம் கிடைக்காதவளின் பொறாமை என்று அவர் பெருந்தன்மையோடு மன்னித்தார்.

கொழும்புப் படிப்புக்கே விண்ணப்பித்தார். தேவாலயத்தில் எல்லோருக்கும் சொன்னார். போதகர் ஜெபத்திலும் சேர்த்துவிட்டார். இனி இடம் கிடைக்காவிட்டால் ஊரில் தலை காட்ட முடியாது.

நேர்முகத் தேர்வு மடிக்கணினியில். விரிவுரையாளர் அம்மையார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பழக்கமான ஒரு குழந்தையோடு கொஞ்ச நேரம் கதைத்துக் காட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டு ஜெயனியிடம் அவளுடைய சின்ன மகன் டிலக்ஷனைக் கேட்டார்.

"அவனுக்குத் தடிமன், மூக்கு ஓடுது அங்கிள்..."

"தடிமனுக்கும் மனசுக்கும் என்ன பிள்ளை சம்பந்தம்? கூட்டிக்கொண்டு வா."

டிலக்ஷன் வந்து கதிரை நுனியில் இருந்தான். ஆட்டமில்லை, அசைவில்லை. ஜெயனி கதவோரம் நின்றாள்.

"பாத்தீங்களோ மேடம், என்ன ஒரு அமைதி!" என்று ஏர்னெஸ்ட் திரையைப் பார்த்துப் பெருமைப்பட்டார். பிறகு குரலில் தேன் தடவிக்கொண்டார். "தம்பிக்கு என்ன விளையாட்டு விருப்பம்?"

டிலக்ஷன் கதிரையை இறுகப் பிடித்தான்.

"பள்ளிக்கூடத்திலை ஆரோடை சிநேகிதம்?"

"நான் முழுக்கச் சாப்பிட்டிட்டன்" என்றான் டிலக்ஷன்.

"என்னடா ராசா?"

"கத்தரிக்காயும் சாப்பிட்டனான்."

அம்மையார் திரைக்குக் கிட்ட வந்தார். "டிலக்ஷன், இந்த மாமாவைத் தெரியுமா?"

"ஓம். சோறு மிச்சம் விடுற பிள்ளையளைச் சாக்குக்குள்ளை கட்டிக்கொண்டு போறவர்."

அம்மையார் பேனையை மூடி வைத்தார். ஏர்னெஸ்டின் காது இரண்டும் கொதித்தன. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக அவர் கண்ணுக்குள் வந்து போயின.

"சாப்பாடு தீத்தேக்கை சும்மா வெருட்டுறது அங்கிள்" என்றாள் ஜெயனி, சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஒழுங்கையிலை எல்லா வீட்டிலையும் அப்பிடித்தான். அன்ரிதான் எங்களுக்குச் சொல்லித் தந்தவ."

ஏர்னெஸ்ட் மெல்லத் திரும்பி, அடுப்படி வாசலில் நின்ற சுகிர்தத்தைப் பார்த்தார்.

"சுஜீவன் சின்னனிலை பிள்ளைபிடிகாரனுக்குப் பயப்பிடேல்லையப்பா" என்றாள் சுகிர்தம். "உங்களுக்குத்தான் பயந்தவன்."