கோடிச்சேலை

பூரணத்தின் கணவன் செத்த பதினாறாம் நாள், பிறந்த வீட்டுக் கோடிச்சேலையைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு அவளுடைய அண்ணன் பிச்சையா படியேறி வந்தான். இருபத்திரண்டு வருஷமாக எந்தத் தீபாவளிக்கும் அந்த வீட்டிலிருந்து ஒரு ரவிக்கைத் துணிகூட வந்ததில்லை. வேறு சாதிக்காரனோடு போனவளுக்குச் சீர் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று இருந்தவர்களுக்கு, அவன் செத்ததும் முறை ஞாபகம் வந்துவிட்டது.

“ஆயிரம் இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. வந்து உக்காரும்மா,” என்றான் பிச்சையா.

அந்த ‘அம்மா’வைக் கேட்டதும் பூரணம் திரும்பி உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டு வந்து மனையில் உட்கார்ந்தாள். அவள் வீட்டைவிட்டுப் போன அன்று கட்டியிருந்த சேலை அது. பஸ் நிலையத்தில் பிச்சையா பிடித்து இழுத்ததில் முந்தானை தோளோடு கிழிந்துபோனது. லாரிப் பட்டறையில் வேலை பார்த்த அவள் புருஷன், அன்றைக்குச் சாக்குத் தைக்கிற ஊசியை வைத்துத்தான் அதைத் தைத்துக் கொடுத்தான். ஒவ்வொரு தையலும் விரற்கடை நீளம்.

பிச்சையா கோடியை விரித்தபடி தையலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏன் நிக்க? போடு,” என்று பூரணம் தலையைக் குனிந்துகொண்டாள். “நீ கிழிச்ச எடம் மட்டும் மறையக் கூடாது.”

கோடியைத் தோளில்தான் போர்த்த வேண்டும்.