நிமிடத்துக்கு ஒரு செபம்

பத்தே முக்காலுக்கு முதல் போன் வந்தது. ஏலக்காய் வியாபாரி ஏசுரத்தினம். பதினொரு மணிக்கு அவருடைய இணையதளத்தில் ஏலம் தொடங்க வேண்டும். பக்கமே திறக்கவில்லை.

"பம்பாய், டெல்லி ஆளுகள்லாம் காத்துக் கெடக்காங்க பிஜு. வெரசா சரி பண்ணு. இல்லன்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்."

பிஜு போனை வைத்தார். குமுளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மிளகுக் கடையின் மாடியில் அவருடைய கம்பெனி. ஹோம்ஸ்டேக்கள், மசாலாக் கடைகள், எஸ்டேட் பள்ளி, மாதா கோயில் எனச் சுற்றுவட்டாரத்தின் இணையதளங்கள் எல்லாம் அவருடைய ஒரே சர்வரில் இருந்தன. ஒன்று திணறினால் எல்லாம் திணறும்.

வேலைக்கு இரண்டே பெண்கள். சர்வரைக் கவனிப்பவள் நிமி. வாடிக்கையாளர்களின் போனை எடுப்பவள் டின்டு. மாதக் கடைசிக்குப் பிறகு ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று பிஜு இருவரிடமும் சொல்லியிருந்தார். சர்வரைக் கொச்சிக்காரர்களிடம் விட்டுவிடலாம், போன் எடுக்கத்தான் ஆள் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

நிமியின் வீட்டில் வேறு சம்பளம் இல்லை.

"என்னம்மா ஆச்சு?"

"பிராசஸர் தொண்ணூத்தெட்டு சதவீதத்துல நிக்குது சார்." நிமி ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் வரிசையைத் திறந்தாள். "மாதா கோயில் சைட்டுதான். செபமாலைப் பக்கத்த விடாம யாரோ தட்டுறாங்க."

எஸ்டேட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால், கோயிலில் எல்லாருமாகச் செபமாலை சொல்லி ஒப்புக்கொடுப்பார்கள். இப்போது அது போனிலும் நடந்தது. ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் எண்ணிக்கையில் ஒன்று கூடும்.

இந்த மாதம் அது டின்டுவின் அம்மா கத்தரீனாளுக்காக. ஏலக்காய் எடுக்கப் போன இடத்தில் மரக்கிளை தலையில் விழுந்தது. தேனி ஆஸ்பத்திரியில் அவள் இன்னும் கண் திறக்கவில்லை.

டின்டு கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள்.

"வெளிய இருந்து வரல சார்" என்றாள் நிமி. "நம்ம சர்வர்லயே ஒரு புரோகிராம் ஓடுது. அதுதான் பொத்தான அழுத்திக்கிட்டே இருக்கு." திரையைப் பிஜுவின் பக்கம் திருப்பினாள். "டின்டுவோட லாகின்."

பிஜு டின்டுவைப் பார்த்தார். "பாஸ்வேர்டு மாத்தவே நிமியக் கூப்பிடுவ. இத எங்க படிச்ச?"

"யூட்யூப்ல எல்லாம் கெடக்கு சார்" என்றாள் நிமி.

"நீ போட்டதுதானா?"

டின்டு நிமியைப் பார்த்தாள். நிமி கீபோர்டைப் பார்த்தாள்.

"ஆமா சார். பகல் பூரா போன் எடுக்கேன், செபிக்க முடியல. அது எனக்குப் பதிலா சொல்லட்டும்னு..."

"அப்ப ஞாயித்துக்கெழமை பூசைக்கும் ஒரு ரோபோவ அனுப்பு. மிஷினு சொன்னா மாதா கேப்பாளா?"

"என் பேர்லதான சார் சொல்லுது. நிமிசத்துக்கு ஒண்ணுதான..."

"நிமிசத்துக்கு மூவாயிரம் போகுது" என்றாள் நிமி.

டின்டு எழுந்து வந்து திரையிலிருந்த எண்ணைப் பார்த்தாள்.

மறுபடி ஏசுரத்தினத்தின் போன். பிஜு எடுக்கவில்லை. "நிறுத்து நிமி. அந்தச் செபக் கணக்கையும் மொத்தமா அழி."

"எஸ்டேட்டு சனங்க சொன்னதும் அதுலதான் சார் இருக்கு" என்றாள் டின்டு.

"அழின்னேன்."

நிமி அழித்தாள். செபங்களின் எண்ணிக்கை பூஜ்யமானது. பிராசஸர் ஒன்பதுக்கு இறங்கியது. ஏசுரத்தினத்தின் பக்கம் திறந்தது. ஏலம் நேரத்துக்குத் தொடங்கியது.

பிஜு நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். "கொச்சிக்காரனா இருந்தா இதக் கண்டுபிடிக்க சாயங்காலம் ஆக்கியிருப்பான். போன் எடுக்க யாரும் எடுக்கலாம். நீயே அதையும் சேத்துப் பாத்துக்க."

"சரி சார்."

"டின்டு, மாசக் கடைசி வரைக்கும் வேண்டாம். இன்னைக்கே கெளம்பிரு."

டின்டு அழவில்லை. மேசையிலிருந்த டிபன் பாக்ஸைப் பையில் போட்டாள். ஜன்னலில் காயப்போட்டிருந்த குடையை மடக்கினாள். பிஜு ஏசுரத்தினத்தோடு பேசிச் சிரித்தபடி கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

நிமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கதவு சாத்தப்படும் வரை காத்திருந்துவிட்டு, டின்டு அவள் நாற்காலியருகே வந்து குனிந்தாள்.

"அத எழுதிக் குடுத்தது நீங்கன்னு நான் சொல்லலக்கா. எங்கயோ தப்பு விழுந்திருச்சு போல. வேகத்தக் கொறச்சு, அம்மாவுக்காக மறுபடி ஓட்டி விடுவீங்களா?"