காகிதத்தில் ஒரு நுரையீரல்

வேல்ஸின் காலை மழை ஓய்ந்து, எதிர்மலையின் கற்பலகைச் சரிவு ஈரநீலமாய் மின்னுகிறது. தடயவியல் மருத்துவர் எலுனெட், காகிதத்தில் ஒட்டி உலர்த்திய நுரையீரல் சீவலை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே இரு கைகளாலும் தூக்கிப் பிடிக்கிறார். அந்த மலையில் நாற்பது வருடம் கல் பிளந்த எம்ரிஸின் நுரையீரல் அது. புகைப்பழக்கத்தால் மரணம் என்கிறது சான்றிதழ், மகள் ஏற்கவில்லை, நாளை மரண விசாரணை. சீவலின் மேற்பாதி முழுக்கக் கருநீல முடிச்சுகள், வெட்டிய மரத்தின் வளையங்களைப் போல. கீழ்ப்பாதியில் சதை கரைந்து வெறும் ஓட்டைகள். ஓட்டைகளில் மெல்லிய காகிதத்தின் ஊடாக மலை தெரிகிறது. முடிச்சுகளுக்கும் மலைக்கும் ஒரே நிறம்.

"சிகரெட்டாம்ல!" சீவலை அறுத்து ஒட்டிய ஆய்வக உதவியாளர் இட்வல் பொருமுகிறார். "சர்ச் பாட்டுக்குழுவுல இருபது வருஷம் எம்பக்கத்துல நின்ன மனுஷன், டாக்டரம்மா. சிகரெட்டைக் கையால தொட்டதில்ல."

"கல்தூசியா மலையே உள்ள வந்து உக்காந்திருக்கு. நாளைக்கு இதையே காட்டுறேன்," என்ற எலுனெட் சட்டென்று திரும்புகிறார். "பாடினாரா? இதை வெச்சுக்கிட்டா?"

"போன கிறிஸ்துமஸ் வரைக்கும். நாங்க எல்லாரும் நிறுத்தின பிறகும் கடைசி வரியை இழுப்பாரு. 'போதும்யா, பந்தா காட்டாத'ன்னு முழங்கையால இடிப்பேன்."

எலுனெட்டின் விரல் காகிதத்தின் மேல் மெதுவாக ஊர்ந்து, அடியோரத்தில் நிற்கிறது. தீப்பெட்டி அளவுக்கு ஓரிடம் மட்டும் முடிச்சில்லாமல், ஓட்டையில்லாமல், பஞ்சாக வெளுத்திருக்கிறது.

"இங்கேருந்துதான் இழுத்திருக்காரு," என்கிறார்.

இட்வல் குனிந்து பார்க்கிறார். அவரை இடித்த தன் முழங்கையை மறு கையால் இறுகப் பொத்திக்கொள்கிறார்.