நினைத்தார்

தண்ணீர் மாடிப்படியின் வளைவுக்கு வந்துவிட்டது.

ஏரியைத் திறந்துவிட்டிருந்தார்கள். மழையும் விடவில்லை.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் அடியில், பூங்கொடி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நிறைமாதம். காலையில் லேசாக இருந்த வலி இப்போது மூச்சுவிட இடம் தராமல் வந்தது.

அவள் கணவன் ஜெயக்குமார் மறைமலைநகருக்கு ஷிப்டு போனவன். சாலை துண்டிக்கப்பட்டதில் அங்கேயே மாட்டிக்கொண்டான். அவளோடு இருந்தது முன்போர்ஷனில் குடியிருந்த ஜெஸ்ஸி மட்டும்.

ஜெஸ்ஸிக்குப் பிரசவம் பார்க்கத் தெரியாது. எபிரேயம் தெரியும்.

பழைய ஏற்பாட்டை மூலத்திலிருந்து புதிதாகத் தமிழாக்கும் குழுவில் அவள் இருந்தாள். ஒரு பகுதி முடிந்ததும், அந்தக் கதையைக் கேட்டே இராத ஒருவருக்குப் படித்துக் காட்டுவது குழுவின் வழக்கம். போன வாரம் பூங்கொடிக்குப் படித்தாள். எங்கும் வெள்ளம். பேழைக்குள் ஒரு குடும்பம், கூடவே மிருகங்கள். கடவுள் நோவாவை நினைத்தார்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பூங்கொடி தலையைத் தூக்கினாள்.

"நெனச்சி இன்னா பண்ணாருக்கா?"

அதே கேள்வியை வைத்துத்தான் ஜெஸ்ஸி குழுவில் மாதக்கணக்காகச் சண்டை போட்டிருந்தாள். ஸாகர் என்கிற அந்த எபிரேய வினைச்சொல் மனதோடு முடிந்துவிடுவதில்லை என்றாள். கடவுள் நினைத்தால் அடுத்து காற்று வீசும், தண்ணீர் வடியும், மலடி என்று பேர் வாங்கியவள் பிள்ளை பெறுவாள். வெறுமனே நினைத்தார் என்று எழுதினால் பாதியை ஒளித்தது மாதிரி என்றாள். குழுத் தலைவர் ஞானதாஸ், சபைகளுக்குக் காது பழகிய சொல்லே போதும் என்று முடித்துவிட்டார்.

கைபேசியில் பேட்டரி சிவப்பாகியிருந்தது. அழைப்பு எதுவும் போகவில்லை. ஆம்புலன்சுக்கும் போகவில்லை. வாட்ஸ்அப் மட்டும் எப்போதாவது நழுவிப் போனது. விடிந்தவுடன் தன் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி அனுப்பிவிட்டாள். பிறகு சார்ஜை மிச்சம் பிடிக்க அணைத்து வைத்து, அவ்வப்போது திறந்து பதில்களைப் பார்த்தாள்.

கூப்பிய கைகள். கூப்பிய கைகள். ஆமென். மறுபடி கூப்பிய கைகள்.

கொக்கிலமேட்டு ஏசுபாதமும் கை கூப்பியிருந்தார். படகு வைத்திருக்கிற ஏசுபாதம்.

மதியம் மோட்டார் சத்தம் கேட்டது.

தெருமுனையில் நீல ஃபைபர் படகு. கடற்கரையிலிருந்து லாரியில் ஏற்றி வந்திருக்க வேண்டும். பின்னால் மோட்டாரைப் பிடித்தபடி ஏசுபாதமே நின்றிருந்தார். ஜெஸ்ஸி துப்பட்டாவை உருவி ஆட்டினாள். தொண்டை கிழியக் கத்தினாள். மழை எல்லாவற்றையும் தின்றது. படகு அடுத்த தெருவுக்குள் திரும்பியது. குடையோடு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, வந்த வழியே போய்விட்டது.

பூங்கொடி ஜெஸ்ஸியின் கணுக்காலைப் பிடித்தாள். நகம் இறங்கியது.

ஜெஸ்ஸி கைபேசியை மறுபடி ஆன் செய்தாள். இத்தனை பேரும் வீட்டில் உட்கார்ந்து கை கூப்புகிறார்கள். ஒரு ஆளுக்குக்கூட வரத் தோன்றவில்லை. அதை அவர்கள் முகத்தில் அடிக்கிற மாதிரி எழுதிவிட வேண்டும் என்று சபைக் குழுவைத் திறந்தாள்.

திரையில் கூப்பிய கைகளைத் தள்ளிக்கொண்டே மேலே போனாள்.

நடுவில் அடுத்த தெரு ரமேஷ். படகு வேணும், பால் பூத்துக்கு எதிர் வீடு, அஞ்சு பேர். அதற்கு ஏசுபாதத்தின் பதில். வரேன்.

இன்னும் மேலே, எல்லாக் கைகளுக்கும் முன்னால், அவளுடைய செய்தி.

வீட்டைச் சுற்றித் தண்ணீர். நானும் பூங்கொடியும் மாடியில் இருக்கிறோம். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவுதான் இருந்தது.

காய்ச்சலுக்கு, பரீட்சைக்கு, அப்பாவின் ஆபரேஷனுக்கு என்று சிறு வயதிலிருந்து அவள் எழுதி வந்த அதே வரி. கை தானாக எழுதியிருந்தது. கேட்டதை எல்லோரும் தந்திருந்தார்கள்.

ஈர விரலால் படகு என்று அடித்தாள். அனுப்புவதற்குள் திரை கறுத்தது. பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

பூங்கொடி கண்ணைத் திறந்தாள்.

"சொல்ட்டியாக்கா? வந்துகினு கீறாங்களா?"

ஜெஸ்ஸி கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"சொல்லிட்டேன்" என்றாள்.