சூட்டு முள்ளும் முன்விளக்கும்

தக்காளி ஏற்றிப் போகும் பிக்கப் வண்டி ஒன்றில், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் இருந்தது. கொஞ்ச நாளாகப் பொழுது சாய்ந்தால் போதும், அது சிவப்புக் கோட்டுக்குத் தாவிவிடும். டிரைவர் பதறிப்போய் ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கிப் பார்ப்பார். ஆவியும் இருக்காது, கொதிப்பும் இருக்காது.

"உன் புளுகால தக்காளி அழுகுது," என்று முன்விளக்கு எரிந்து விழுந்தது. "உன்னைக் கழட்டி எறிஞ்சாத்தான் வண்டி உருப்படும்."

"எனக்கு வர்ற சேதியத்தான் காட்டுறேன். அது எங்க கெடுதுன்னு பாக்கட்டும்," என்றது முள். அதற்குத் தன்மேல் துளியும் சந்தேகமில்லை.

எஞ்சின் சூட்டை அளந்து முள்ளுக்குச் சொல்லும் சென்சாரை மாற்றினார்கள். முள் அப்போதும் தாவியது. கடைசியில் முள்ளையே மாற்றிவிட மெக்கானிக் சகாயம் புது மீட்டரோடு வந்தார். முன்விளக்கு எரிந்தபடி வேடிக்கை பார்த்தது. கண் கூசுகிறதென்று சகாயம் அதை அணைத்தார். முள் சரசரவென்று இறங்கியது. விளக்கைப் போட்டார், ஏறியது. திரும்ப அணைத்தார், இறங்கியது.

புது மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, விளக்குக்கும் முள்ளுக்கும் பொதுவான எர்த் வயரைத் தேடிப் பிடித்தார். அதன் போல்ட் துருவேறிக் கிடந்தது. விளக்கு எரியும்போதெல்லாம் முள்ளுக்கு வரும் சேதி அங்கேதான் கெட்டது. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முறுக்கினார்.

அன்று மலை ஏறும்போது முன்விளக்கு முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல, வயர்லதான் கோளாறுன்னு," என்றது.

முள் நடுக்கோட்டில் நின்றது. இந்தச் சேதிக்கு மட்டும் அது அசைந்து கொடுக்கவில்லை.