குழி மூடு விழா

சால்வை கழுத்தில் விழுந்தபோது அவர் குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரி தார்க் கலவையை அதற்குள் கொட்டியது. குபுக்கென்று புகை எழுந்தது.

"மூணு வருசமா விடாம மனுப் போட்டு, இந்தக் குழிக்கு ஒரு முடிவு கட்டுன நம்ம செயலாளருக்கு எல்லாரும் ஒருக்கா கை தட்டுங்க!" என்றார் நகர் சங்கத் தலைவர் பொன்னுரங்கம்.

தட்டினார்கள். அவரும் தட்டினார். தனக்குத்தானே தட்டிக்கொள்கிறோம் என்பது பாதியில்தான் உறைத்தது.

மனுப் போட்டது வாஸ்தவம். மாதம் ஒன்று, திங்கட்கிழமை மனுநாளில், கம்பெனியில் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டுப் போய்க் கொடுத்தது.

கடைசி எட்டு மாதமாக அவர் மனுவே போடவில்லை. அது யாருக்கும் தெரியாது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவருக்கு வேலை இருந்தது. பம்ப் கம்பெனி ஸ்டோர்ஸில் பத்தொன்பது வருடம். எந்த நட்டு எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆட்குறைப்பு என்று ஒரு செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார்கள். சால்வை போட்டு அனுப்பிவைத்தார்கள்.

அதுவும் இதே மெரூன் கலர்தான்.

மறுநாள் காலை என்ன செய்வதென்று தெரியாமல் நடக்கப் போனார். இந்த வளைவில், குழிக்குப் பக்கத்தில், ஒரு வீல் கப் கிடந்தது. ஏதோ காரின் சக்கர மூடி. குழியில் விழுந்து எழுந்தபோது கழன்று தெறித்திருக்கிறது.

எடுத்தார். துடைத்தார்.

பத்தொன்பது வருடப் பழக்கம், கை சும்மா இருக்குமா? சீட்டு எழுதிக் கட்டினார். தேதி, நேரம், நிறம், கீறல் இரண்டு.

அடுத்த நாள் இன்னும் இரண்டு. மழை பெய்த வாரம் பதினொன்று!

பக்கத்துக் காலி மனையின் கம்பி வேலியில் வரிசையாக மாட்டினார். தொலைத்தவர்கள் அடையாளம் சொல்லி எடுத்துப் போகலாம் என்று அட்டை வைத்தார். சிலர் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். பலர் வரவே இல்லை.

அப்புறம் வந்தார்கள் பாருங்கள், வேறு எங்கோ, வேறு ஏதோ குழியில் தொலைத்தவர்கள்!

"இதே மாதிரி ஒண்ணு இருக்குங்களா? கடையில கேட்டா நாலாத்தானுங்க தர்றாங்க."

இருந்தது. அளவு வாரியாக, நிறம் வாரியாக இருந்தது. மூன்று மாதம் யாரும் கேட்டு வராததைத்தான் விற்பார். இனிமேல் கழன்று விழாதபடி பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கியும் கொடுப்பார். அப்படி இறுக்கிக் கொடுப்பது தன் பிழைப்புக்கே ஆகாது என்று தெரிந்தும் கொடுத்தார். அது ஸ்டோர்ஸ் புத்தி.

ஒரு தகரக் கொட்டகை வந்தது. ஒரு ஸ்டூல் வந்தது.

வேலை போன மாதம் முழுக்க மனைவி கோகிலவாணி யாரிடமும் பேசவில்லை. ஒருநாள் கதவுக்குப் பின்னால் அவள் போன் பேசுவது காதில் விழுந்தது.

"அவுரு இப்ப சொந்தத் தொழிலுங்க்கா."

அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

இப்போது ரோலர் குழியின் மேல் ஒருமுறை போனது. திரும்பி வந்தது. சமாதானமாகாமல் இன்னொரு முறையும் போனது.

ஒரு மனுஷனை எத்தனை தடவைதான் வேலையை விட்டு அனுப்புவார்கள்? அதுவும் கைதட்டி, மைசூர்பாகு கொடுத்து!

"ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கை நீட்டினார் பொன்னுரங்கம்.

"ரொம்ப சந்தோசமுங்க..."

அதற்கு மேல் வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"பாவம், மனுசன் சந்தோசத்துல அழுதே போட்டாரு" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

முதல் வண்டியாகப் பொன்னுரங்கத்தின் காரை ஓட்டிப் பார்த்தார்கள். வழுக்கிக்கொண்டு போனது. டொக் என்றுகூடச் சத்தம் இல்லை. நான்கு சக்கரத்திலும் நான்கு மூடி ஜம்மென்று இருந்தன. அதில் ஒன்று அவர் கையால் இறுக்கியது.

"ஏனுங்க, இனி எப்படிங்க?" என்றாள் கோகிலவாணி, பக்கத்தில் நின்று, மெதுவாக.

அவர் மைசூர்பாகை அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தார். மனு நகல்களின் கோப்பை இழுத்தார். கிழித்து அடுப்பில் போட்டுவிட வேண்டும் என்ற ஆத்திரம். குழி, குழி, குழி என்று அத்தனை நகலும் அவரைப் பார்த்துச் சிரித்தன.

கடைசித் தாளில் குழி இல்லை.

மறந்தே போன மனு அது. இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஒப்புகைச் சீட்டு அதன் மூலையில் அப்படியே குத்தியிருந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'மேற்படி சாலையின் நடுவாக, முனை முதல் முனை வரை, குடிநீர்க் குழாய் பதித்துத் தருமாறு...'

இன்னொரு தடவை படித்தார்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கோகிலா, நாளைக்கு என்ன கெழமை?"

"திங்கக்கெழமைங்க. ஏனுங்க?"

"அந்த வெள்ளைச் சட்டையத் தேச்சு வையி."

சால்வையை நான்காக மடித்து ஓரமாக வைத்தார். பேனாவை உதறிப் பார்த்துவிட்டு, புதுத் தாளில், அழகான கையெழுத்தில் ஆரம்பித்தார்.

'பொதுமக்கள் நலன் கருதி...'